சமுகத்துக்கு ஒரு மடல்

சேகர குருவானவர் ஐயா அவர்கள் சமுகத்துக்கும், சேகரக் கமிட்டி அங்கத்தினர் அனைவருக்கும், கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

நம் கோயிலில் பதினேழு வருஷமாக மைக் செட் பார்க்கிறவன் எழுதுகிறேன். பின்வாசலை ஒட்டி, மாடிப்படிக்கு அடியில், மிக்சர் வைத்த மேஜைக்குப் பின்னால் நிற்கிற ஆள். (வேலைக்கு வந்த புதிதில், “மிக்சர் எங்கே இருக்கு?” என்று கேட்டேன். அசனச் சாப்பாட்டு வேலையாக நின்ற அண்ணாச்சி ஒருவர் ஓலைப்பெட்டியைத் திறந்து ஒரு கை காராச்சேவு அள்ளிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஊரில் எனக்கு அதுதான் பேர்.) உங்களுக்கெல்லாம் பீடம் தெரியும். எனக்குப் பீடமும் தெரியும், நடுவில் சபை முழுவதின் முதுகும் தெரியும். எந்தப் பாட்டுக்கு முதுகு நிமிர்கிறது, பிரசங்கத்தின் எத்தனாவது நிமிஷத்தில் சாய்கிறது, அறிக்கை வாசிக்கையில் யார் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் இத்தனை வருஷத்தில் பழகிவிட்டது.

போன மாதம் வாசித்த அறிக்கையைக் கேட்டேன். வாசிக்கையில் மைக் கூவாமல் பார்த்துக்கொண்டவனும் நான்தான். ‘தேவ பிரசன்னத்தை உணரச் செய்யும் ஆராதனை’ என்று தலைப்பு. புது சவுண்ட் சிஸ்டம், டிரம் கிட், பீடத்துக்கு மேலே எல்இடி திரை, மாதத்தில் இரண்டு ஞாயிறு வெளியூர் ஆராதனைக் குழு. இதற்கெல்லாம் நேரம் வேண்டும் என்பதால் காலை ஆறு மணித் திருவிருந்து ஆராதனையை நிறுத்திவிடுவது. அடுத்த வாரம் கமிட்டி கூடி முடிவெடுக்கும் என்றீர்கள். கமிட்டியில் எனக்கு வாய் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கவலை நியாயமானது என்று சொல்லிவிடுகிறேன். திடப்படுத்தல் முடிந்து திருவிருந்தில் சேர்ந்த பிள்ளைகள் அடுத்த வருஷமே கண்ணில் படுவதில்லை. மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்களை விடுங்கள். ஊரில் இருக்கிறவர்களே ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு டவுனில் உள்ள தனிச்சபைக்குப் போகிறார்கள். என் தம்பியும் போகிறான். “இங்க ஒண்ணுமே நடக்கலியே” என்பான். என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஒரு தடவை நானும் கூடப் போனேன். தகரக் கொட்டகை, காதைப் பிளக்கிற சத்தம். முக்கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் அழுதேன். அப்பா செத்தபோது வராத அழுகை அது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே பழையதெல்லாம் பரிசுத்தம், புதியதெல்லாம் கூத்து என்று சொல்கிற கட்சியில் என்னைச் சேர்க்க வேண்டாம். ஆர்மோனியமும் ஒரு காலத்தில் நம் கோயில்களுக்குப் புதுசுதான். திருநெல்வேலியில் 1774இல் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் தாளமும் ராகமும் போட்டுத்தான் காலட்சேபம் பண்ணினார். தாளத்தின் மேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

என் வழக்கு வேறு. அதற்கு முன்னால் ஒரு பாவ அறிக்கை.

ஆராதனை நடத்துகிறவர்களுக்கும் மிக்சர்காரனுக்கும் ஒரு சைகை உண்டு. விரலை லேசாகத் தூக்கினால் எக்கோ கூட்ட வேண்டும். உள்ளங்கையைத் தாழ்த்தினால் டிரம்மைக் குறைத்து, கீபோர்டில் அந்த நீளமான ஸ்ட்ரிங்ஸ் சத்தத்தை மட்டும் அடியில் ஓடவிட வேண்டும். குரல் அப்படியே பெரிதாகி, மேலேயிருந்து வருகிற மாதிரி இருக்கும். “இப்போ அவருடைய பிரசன்னம் இறங்குது, உணருறீங்களா?” என்பார். முதுகுகள் குலுங்கும். ஒரு கன்வென்ஷன் ராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் என் கை முந்திவிட்டது. அவர் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை, ஏதோ சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்குகிற பிடியை, அந்த ஃபேடரை, நான் தள்ளிவிட்டேன். சனம் அழ ஆரம்பித்துவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு சாட்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஜெபத்துக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி வயரைச் சுருட்டும்போது கை நடுங்கியது. அழுதவர்களின் பாரம் உண்மை. கடன், குடிகாரப் புருஷன், வரன் அமையாத மகள், எல்லாம் உண்மை. ஆண்டவர் அந்தக் கண்ணீரைக் கணக்கில் வைக்காமல் இருக்க மாட்டார். ஆனால் அதை எந்த நிமிஷத்தில் வரவைப்பது என்பது என் நடுவிரலில் இருந்தது. நான் ஃபேடரைத் தள்ளியது சபைக்குத் தெரியாது. பிரசன்னம் இறங்கியது என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பார்கள்.

இனி அந்த வார்த்தைக்கு வருகிறேன். பிரசன்னம், பிரசன்னம் என்று இப்போது சொல்கிறோம். நம் வேதாகமத்தில் பிரசன்னமாகுதல் என்பது பெரும்பாலும் அவர் வெளிப்படப் போவதைச் சொல்கிற இடத்தில் வருகிறது. தீத்துவுக்கு எழுதின நிருபத்தில் பாருங்கள். தேவனுக்கு முன்பாக இருப்பதைச் சொல்ல நம் பாட்டன்மார் வைத்திருந்த சொல் சமுகம். “உம்முடைய சமுகம் என்னோடேகூடச் செல்லாமற்போனால், எங்களை இவ்விடத்திலிருந்து கொண்டுபோகாதிரும்” என்று மோசே கெஞ்சுகிறான். எபிரெயத்தில் அந்த இடத்தில் நிற்பது பானீம், அதாவது முகம். ஆசரிப்புக் கூடாரத்து மேஜையில் வைத்த அப்பத்துக்குச் சமுகத்தப்பம் என்று பேர் வந்ததும் அதே சொல்லால்தான். மடலின் தலையில் ‘ஐயா அவர்கள் சமுகத்துக்கு’ என்று போட்டிருக்கிறேனே, பழைய மனுக்களில் எழுதுவார்களே, அதுவும் இதே சமுகம்தான். கலெக்டர் சமுகத்துக்கு மனு கொண்டுபோகிறவன் கலெக்டரைத் தன் வீட்டுக்கு இறக்கிக்கொண்டு வருவதில்லை. இவன்தான் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பஸ் பிடித்துப் போய் அவர் முகத்துக்கு முன்னால் நிற்கிறான். ‘இறங்குது’ என்கிற பேச்சில் எனக்கு இடறுவது இதுதான். அவர் எங்கேயோ மேலே நிற்கிறார், நாம் சத்தம் கொடுத்தால் வருவார் என்று ஆகிவிடுகிறது. கர்மேல் மலையில் பாகாலின் ஆட்கள் மத்தியானம் வரை பண்ணினது அதைத்தான். எலியாவுக்கு மெல்லிய சத்தம் கேட்டது பிறகு, வேறொரு மலையில்.

அப்படியானால் அவரைக் கூப்பிடவே கூடாதா? கூடும். கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், நீங்கள் நிறுத்தப்போகிற அந்த ஆறு மணி ஆராதனையில்.

1947 செப்டம்பர் 27இல் பல சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை என்று ஒன்றானது. 1950இல் திருவிருந்துக்கு ஒரு புது முறைமை வந்தது. அதைச் செய்தவர்கள் ஒரே ஊர்ச் சரக்கை வைத்துச் செய்யவில்லை. அப்பம் பிட்கிறதற்கு முன்னால் ஒரு சின்ன ஜெபம் வருமே: நல்ல பிரதான ஆசாரியரே, உம் சீஷர் நடுவில் இருந்ததுபோல எங்கள் நடுவிலும் இரும், அப்பம் பிட்கையில் எங்களுக்கு உம்மைத் தெரியப்படுத்தும் என்கிற கருத்தில். அது ஸ்பெயின் தேசத்துப் பழைய மொசரபிக் வழிபாட்டிலிருந்து வந்தது. சமாதானம் கொடுக்கும்போது ஒருவர் கைகளை இன்னொருவர் கைகளுக்குள் வைத்து வாங்குகிறோமே, அது மலையாளத்துச் சிரியன் சபைகளின் பழக்கம். அந்தச் சின்ன ஜெபத்தை எக்கோ இல்லாமல், ஒரே மைக்கில், அறுபது எழுபது பேர் அரைத் தூக்கத்தில் சொல்கிறதைப் பதினேழு வருஷமாகக் கேட்கிறேன். எங்கள் நடுவில் இரும் என்று கேட்கிற ஆராதனையை எடுத்துவிட்டு, அவர் நடுவில் இருப்பதை உணர்வதற்கு எட்டு லட்சத்துச் சொச்சம் ரூபாய்க்கு சாமான் வாங்குகிறோம். கொட்டேஷன் வாங்கிக்கொண்டு வந்தவனும் நான்தான், அதனால் தொகை தெரியும்.

அந்த ஆறு மணிக்கு யார் வருகிறார்கள் என்று கமிட்டியில் யாருக்கும் தெரியுமா? கமிட்டிக்காரர்கள் பெரும்பாலும் ஒன்பது மணிக்கு வருகிறவர்கள். ஆறு மணிக்கு வருகிறவர்கள் பீடி சுற்றுகிறவர்கள், கடை திறக்க வேண்டியவர்கள், ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற செக்யூரிட்டி, கிழடுகள். அதில் ஒரு ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெண்கள் பக்கம் தூணை ஒட்டி, பாயில்தான் உட்காருவாள். பெஞ்சு போட்ட நாளிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. காது சுத்தமாகக் கேட்காது. இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தூணில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி மாட்டி ஆச்சி பக்கம் திருப்பிவிடலாம் என்று ஒருநாள் ஏணியோடு போய் நின்றேன். பெட்டியைக் காட்டி, காதைக் காட்டி, சைகையால் கேட்டேன். சிரித்தாள். “காதுதாம் போயி வருஷம் ஆச்சேய்யா. பெட்டிய எங்க மாட்டுனா என்ன?” பின்னே எதற்கு இந்தக் குளிரில் இவ்வளவு தூரம் என்று கையை விரித்தேன். அதற்கு ஆச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“எங்க வீட்டு ஆளு பனையேறுனாவல்லா. கருக்கல்ல ஏறுவாவ. நான் கலயம் வாங்க அடியில நிப்பேன். உச்சியில மட்டைக்குள்ள ஆளு தெரியாது. பேச்சும் கெடையாது. பாள சீவுத சத்தம் கேக்கும், காத்தடிச்சா அதுவும் கேக்காது. அவிய மேல இருக்காவன்னு எனக்குத் தெரியும். நான் கீழ நிக்கேன்னு அவியளுக்குத் தெரியும். இங்கயும் அப்படித்தாம்யா வந்து நிக்கேன்.”

ஏணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பெட்டி இன்னும் சாமான் அறையில்தான் கிடக்கிறது.

இந்தத் திருநெல்வேலிச் சீமையில் பிரசன்னத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் பனங்காட்டைத் தாண்டிப் பேச முடியாது. 1799இல் தாவீது சுந்தரானந்தம் கிறிஸ்தவர்களுக்கென்று முதலூரை உண்டாக்கினபோது தேரி மணலில் ஓலைக் கூரைதான் இருந்திருக்கும். பாளையங்கோட்டையில், பிராமண விதவையாக இருந்து கிறிஸ்தவரான குளோரிந்தா அம்மாள் 1785இல் கட்டின பாப்பாத்தி அம்மாள் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள், எவ்வளவு சின்னது. அதற்கு அஞ்சு வருஷத்துக்கு முன்னால், 1780இல், அந்தச் சபைப் பதிவில் இருந்தது நாற்பது பேர். நாற்பது பேர் பாட மைக் எதற்கு?

கட்டிடம் என்றதும் என் தொழில் சங்கதி ஒன்று. இதைக் கமிட்டி கட்டாயம் கேட்க வேண்டும். நம் கோயில் கல்லும் சுண்ணாம்பும் தேக்கு உத்தரமுமாக உயரமாக எழுந்த கட்டிடம். இடையன்குடியில் மிஷனெரி கால்டுவெல் ஐயர் 1847இல் தொடங்கி 1880 வரை கட்டினாரே, அந்த வகை. வெறும் கோயிலில் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள். சத்தம் அடங்க மூன்று விநாடி போல ஆகும். ஆள் நிறைந்தால் உடம்பும் துணியும் கொஞ்சம் சத்தத்தைக் குடிக்கும், அப்போதும் முழுசாக அடங்காது. மைக் இல்லாத காலத்தில், நிறுத்தி நிதானமாகச் சொல்கிற ஜெபத்துக்கும் நீட்டிப் பாடுகிற சங்கீதத்துக்கும் இந்தக் கட்டிடம் கச்சிதமாக இருந்திருக்கும். ஒரு அடி விழுந்து அடங்குவதற்குள் அடுத்த அடி விழுகிற டிரம்மை இதற்குள் வைத்தால், கல் அதைத் திருப்பித் திருப்பி எறியும். அடித்தொண்டைச் சத்தம்தான் கடைசியில் அடங்கும். அதற்கு மேல் பெரிய பெட்டி வைத்தால் சத்தம் கூடுமே தவிரச் சொல் விளங்காது. பிரசங்கம் விளங்கவில்லை என்று இப்போதே வருகிற குறை அப்போது இரண்டு மடங்காகும். விளங்க வேண்டுமானால், முன்னால் மலை மாதிரிப் பெட்டி அடுக்காமல், தூணுக்குத் தூண் ஒல்லியான ‘காலம்’ (column) ஸ்பீக்கர் மாட்டி, ஒவ்வொன்றும் பக்கத்தில் இருக்கிற நாலு வரிசைக்கு மட்டும் மெதுவாகப் பேச வைக்க வேண்டும். பின்னால் உள்ளவற்றுக்குக் கொஞ்சம் தாமதம் கொடுக்க வேண்டும். கொட்டேஷனில் கால்வாசி கூட ஆகாது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அவர் பிழைப்பு அவருக்கு.

இளம்பிள்ளைகளுக்குத் தாளத்தோடு பாட இடம் கொடுங்கள். மண்டபம் இருக்கிறது, தாழ்ந்த கூரை, டிரம் அங்கே நன்றாகவே கேட்கும். சனிக்கிழமை சாயங்காலம் நானே வந்து செட் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். வெளியூர்க் குழுவுக்குக் கொடுக்கிற பணத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு மிருதங்க வாத்தியாரையும் கிடார் வாத்தியாரையும் வைக்கலாம்.

இனிச் சொல்வது கசக்கும்.

முதுகுகளைப் பார்க்கிறவன் என்றேன். சமாதானம் கொடுக்கிற நேரத்தில் அந்த முதுகுகள் என்ன செய்கின்றன என்றும் பார்க்கிறேன். ஐயா பீடத்தண்டையில் கொடுக்கிற சமாதானம் கைமாறிக் கைமாறிக் கீழே வரும். வரிசை வரிசையாக வந்து, ஆண்கள் பக்கம் ஒரு பெஞ்சுக்கு வந்ததும் அறுந்துவிடும். அங்கே இருக்கிற ஒருவர் சரியாக அந்த நேரத்துக்கு வேட்டியைச் சரிசெய்யக் குனிவார். பக்கத்தில் இருக்கிறவர் பாட்டுப் புஸ்தகத்தில் நம்பர் தேடுவார். போன சபைத் தேர்தலிலிருந்து இப்படித்தான். இருவரும் கமிட்டியில் இருக்கிறீர்கள். பேர் எதற்கு? ‘தேவ பிரசன்னத்தை உணரச் செய்யும்’ என்கிற தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஒருவர், வழிமொழிந்தவர் மற்றவர் என்று கேள்விப்பட்டபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று வருஷத்தில் நீங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் காரியம் அது!

யாக்கோபு இருபது வருஷம் கழித்து ஏசாவைப் பார்த்தபோது, உம்முடைய முகத்தைக் கண்டது தேவனுடைய முகத்தைக் கண்டதுபோல் இருக்கிறது என்றான். முந்தின ராத்திரி முழுக்கப் போராடி, தேவனை முகமுகமாய்க் கண்டேன் என்று அந்த இடத்துக்குப் பெனியேல் என்று பேர் வைத்துவிட்டு வந்தவன்தான் அதைச் சொல்கிறான். அண்ணன் என்ன செய்வானோ என்று பயந்து, ஏழு விசை தரையில் குனிந்து, நொண்டிக்கொண்டே போனவன். சமுகம் என்றால் முகம் என்று மேலே எழுதினேனே, அது அங்கேயும் அதே சொல்தான்.

ஊருக்கு உபதேசம் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. பாகப்பிரிவினையில் கிணற்றுப் பங்கு சம்பந்தமாக என் அண்ணனும் நானும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. அவர் ஆறு மணி ஆராதனைக்கு வருகிறவர், நான்காவது பெஞ்சு, ஓரத்து ஆள். சமாதானம் கொடுக்கிற நேரம் வந்தால் எனக்கு மிக்சரில் அவசர வேலை வந்துவிடும். ஒன்றும் இருக்காது, ஒரு வயரைப் பிடுங்கி மறுபடி சொருகுவேன். ஆராதனையில் ஒருவர் ஒளிந்துகொள்வதற்கு மிக்சர் மேஜையைப் போல நல்ல இடம் கிடையாது. எல்லாரும் ஊழியம் செய்கிறார் என்று நினைப்பார்கள்.

ஆகையால் கமிட்டியை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். காலை ஆறு மணித் திருவிருந்தை எடுக்காதீர்கள். பாவ அறிக்கைக்கும் மன்னிப்புக்கும் அடியில் கீபோர்டு ஓடவிடச் சொல்லி எனக்கு இனிச் சைகை காட்ட வேண்டாம். அது எங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நடக்கிற பேச்சு. பெட்டி வாங்குவதற்கு முன்னால் அந்த ஆச்சி போன்ற நாலு பேரை ஒருதரம் போய்ப் பாருங்கள். திரையைப் பீடத்துக்கு மேலே மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால், திருவிருந்து நேரத்திலாவது அணைத்து வையுங்கள்.

வருகிற ஞாயிறு ஆறு மணிக்கு ஒரு பரீட்சையும் பார்க்கலாம். சமாதானம் கொடுக்கத் தொடங்கினதும் நான் மாஸ்டர் ஃபேடரை முழுசாக இறக்கிவிடுகிறேன். மறுபடி ஏற்றுவது ஐயா பீடத்திலிருந்து தலையசைத்த பிறகுதான். எத்தனை நிமிஷம் ஆனாலும் ஆகட்டும். மைக் செத்துக் கிடந்தால் எனக்கு மேஜையண்டை நிற்க ஒரு காரணமும் இருக்காது. மாடிப்படியிலிருந்து நான்காவது பெஞ்சுக்கு எண்ணிப் பார்த்திருக்கிறேன், பதினாலு எட்டுத் தூரம்.

ஐயா உத்தரவு தர வேண்டும்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மைக் செட் பார்க்கிறவன்